ரூத் மறுமணம் செய்தவள்தான், சகோதரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் வந்து பத்து நாளாகிறது. உடனே எழுதியிருக்க வேண்டும். ஆனால் நீங்கள் கேட்டிருப்பது ஒரு வசனத்துக்கு அர்த்தம் மட்டுமில்லை, உங்கள் மீதி வாழ்க்கையும் அதில் இருக்கிறது. அதனால் பழைய ஏற்பாட்டு ரூத் புத்தகத்தை மறுபடியும் முதலிலிருந்து இரண்டு தடவை படித்துவிட்டுத்தான் எழுத உட்கார்ந்தேன். மொத்தமே நான்கு அதிகாரம், 85 வசனம். நீங்களும் இதைப் படிக்கும்போது பக்கத்தில் வேதாகமத்தைத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறீர்கள், ஊரையும் நான் விட்டுவிடுகிறேன். மற்ற வாசகர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். உங்களுக்கு 33 வயது, கணவர் இறந்து நான்கு வருடம், ஏழு வயதில் ஒரு மகள். கணவர் தன் பெயரில் கட்டிய வீட்டில் மாமியோடு இருக்கிறீர்கள், உங்கள் சம்பளத்தில்தான் மூன்று பேரும் சாப்பிடுகிறீர்கள். இப்போது உங்கள் அண்ணன் மூலமாக ஒரு வரன் வந்திருக்கிறது. அவரும் மனைவியை இழந்தவர், உங்களுக்கும் அதில் மனம் இருக்கிறது. பேச்சு எழுந்த நாளிலிருந்து மாமி உங்களோடு சரியாகப் பேசுவதில்லை. சபையில் பெண்கள் ஐக்கியத்திலிருந்து ஒரு மூத்த சகோதரி உங்களைத் தனியாகக் கூப்பிட்டு, "ரூத்தைப் பாரம்மா, மாமியாரை விட்டுப் போனாளா? நீர் போகும் இடத்திற்கு நானும் வருவேன் என்றாளே" என்று சொல்லியிருக்கிறார். கொழுந்தன், மறுமணம் செய்தால் வீட்டில் உனக்கு ஒரு செங்கல்கூடக் கிடையாது என்கிறார். இதற்கு நடுவே உங்கள் போதகர், ரூத்தை மணந்த போவாஸ்தான் இயேசுவுக்கு நிழல், அதாவது முன்னடையாளம், என்று பிரசங்கம் செய்ய, இறையியல் படிக்கிற உங்கள் தோழி, அது யூதர்களுடைய பழைய கதை, அதில் இயேசுவைத் தேடுவது நாமாக ஏற்றிப் படிப்பது என்று சொல்லிவிட்டார். "எனக்கு எல்லாமே குழம்பிவிட்டது. ரூத்திடம் நான் கற்றுக்கொள்ள வேண்டியது என்ன?" என்று முடித்திருக்கிறீர்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன், மற்றது பிறகு. உங்களிடம் முதலாம் அதிகாரத்து வசனத்தைச் சொன்ன சகோதரி நான்காம் அதிகாரம் வரை வரவில்லை. ரூத் மறுமணம் செய்துகொண்டவள். அந்தப் புத்தகம் போய்ச் சேருகிற இடமே அவளுடைய இரண்டாவது கல்யாணமும், அதில் பிறந்த பிள்ளையும்தான். ஊர்வாசலில் பத்து மூப்பர்கள் உட்கார்ந்து, ஊரே சாட்சியாக நின்று, ராகேலைப் போலவும் லேயாளைப் போலவும் இவள் இருக்கட்டும் என்று வாழ்த்தி நடந்த கல்யாணம் அது. ஒரு விதவை மறுமணம் செய்யக் கூடாது என்பதற்கு வேதாகமம் முழுவதையும் புரட்டினாலும் இதைவிடப் பொருந்தாத ஒரு புத்தகம் அகப்படாது. பவுல்கூட, கணவன் இறந்த பெண் தனக்குச் சம்மதமானவனை மணக்க விடுதலையுள்ளவள், அவன் கர்த்தருக்குட்பட்டவனாக இருந்தால் போதும் என்றுதான் எழுதுகிறார் (1 கொரிந்தியர் 7:39).

சரி, அப்படியானால் முதலாம் அதிகாரத்து வாக்குறுதி என்னாவது என்று நீங்கள் கேட்பீர்கள். அந்தக் காட்சியை நிதானமாகப் பார்ப்போம்.

பெத்லகேம் என்றால் எபிரெயத்தில் அப்பத்தின் வீடு என்று பொருள். அந்த ஊரிலேயே பஞ்சம். எலிமெலேக்கு மனைவி நகோமியையும் இரண்டு மகன்களையும் கூட்டிக்கொண்டு சவக்கடலுக்குக் கிழக்கே மோவாப் தேசத்துக்குப் பிழைக்கப் போகிறான். இன்றைக்கு அது யோர்தான் நாட்டில் இருக்கிற மேட்டுநிலம். அங்கே அவன் இறக்கிறான். மகன்கள் ஓர்பாள், ரூத் என்ற மோவாபியப் பெண்களைக் கட்டுகிறார்கள், பத்து வருடம் கழித்து அவர்களும் பிள்ளையில்லாமல் இறந்துபோகிறார்கள். ஒரே வீட்டில் மூன்று விதவைகள். ஊரில் பஞ்சம் தீர்ந்தது என்று கேள்விப்பட்டு நகோமி திரும்பக் கிளம்புகிறாள், மருமகள்கள் இருவரும் கூடவே நடக்கிறார்கள். பாதிவழியில் நின்று நகோமி என்ன சொல்கிறாள்? என்னோடு வாருங்கள் என்றா? இல்லை. திரும்பிப் போங்கள் என்கிறாள். ஒரு தடவை இல்லை, திரும்பத் திரும்பச் சொல்கிறாள். அது மட்டுமா, உங்களுக்கு வேறு புருஷன் கிடைத்து அவன் வீட்டில் நீங்கள் சுகமாக வாழக் கர்த்தர் அருள்செய்யட்டும் என்று முத்தமிட்டு ஆசீர்வதிக்கிறாள் (1:9). மகன்களை அடக்கம் பண்ணிய தாய், மருமகள்களின் மறுமணத்துக்காக நடுரோட்டில் நின்று ஜெபிக்கிறாள். இந்த வசனத்தை வைத்து எத்தனை பிரசங்கம் கேட்டிருக்கிறீர்கள்?

ஓர்பாள் அழுது, முத்தமிட்டு, போய்விடுகிறாள். புத்தகம் அவளை ஒரு வார்த்தைகூடக் குறை சொல்லவில்லை. அவள் செய்தது மாமியார் சொன்னபடிதான். ரூத்தோ விடாமல் பற்றிக்கொள்கிறாள். அந்த 'பற்றிக்கொண்டாள்' என்ற சொல், ஆதியாகமத்தில் புருஷன் தன் மனைவியோடே இசைந்திருப்பான் என்கிற இடத்தில் வருகிற அதே எபிரெயச் சொல். அவ்வளவு அழுத்தமானது. அப்புறம்தான் "உம்முடைய ஜனம் என்னுடைய ஜனம், உம்முடைய தேவன் என்னுடைய தேவன்" என்று சொல்கிறாள். இதை நாம் கல்யாண ஆராதனையில் வாசித்து வாசித்து, பெண் மாப்பிள்ளைக்குச் சொன்னது போல ஆக்கிவிட்டோம். பாதை ஓரத்தில் ஒரு விதவை இன்னொரு விதவைக்குச் சொன்னது இது. யாரும் கேட்காமல், போகாதே என்று யாரும் தடுக்காமல், போ போ என்று தள்ளிவிட்டபோது சொன்னது.

உங்களுக்கு நான் சொல்ல விரும்புகிற விஷயம் இங்கேதான் இருக்கிறது. ரூத்தின் விசுவாசம், அவளுடைய பற்றுறுதி, போவதற்குக் கதவு திறந்திருந்ததால்தான் அத்தனை உயர்ந்து நிற்கிறது. கதவைப் பூட்டிவிட்டு, பார் இவள் எவ்வளவு நல்லவள், போகவே இல்லை என்று சொல்ல முடியாது. உங்களிடம் யாராவது "ரூத்தைப் போல இரு" என்று சொன்னால், முதலில் அவர்கள் நகோமியைப் போல "நீ போகலாம்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

நானும் ஒரு காலத்தில் இதை ஒரு பக்கமாகத்தான் பேசிக்கொண்டிருந்தேன் என்று ஒப்புக்கொள்ள வேண்டும். வேதாகமக் கல்லூரியில் பழைய ஏற்பாடு சொல்லிக்கொடுத்த வருடங்களில், ஒரு கிராமத்துச் சபையில் ரூத்தைப் பற்றிப் பேசக் கூப்பிட்டார்கள். மருமகளின் கடமை என்று ஒரு மணி நேரம் பேசினேன். கூட்டம் கலைந்த பிறகு ஓர் அம்மா தூணோரமாக நின்றுகொண்டிருந்தார், கையில் செருப்பும் ஒரு துணிப்பையும். எல்லாரும் போகட்டும் என்று காத்திருந்து பக்கத்தில் வந்து, "ரூத் மாமியாருக்குச் செஞ்சதெல்லாம் சொன்னீங்க, மாமியார் ரூத்துக்கு என்னம்மா செஞ்சா?" என்று கேட்டார். என்னிடம் அப்போது பதில் இல்லை. அன்று ராத்திரி பஸ்ஸில் திரும்பும்போது சின்ன விளக்கு வெளிச்சத்தில் மூன்றாம் அதிகாரம் முதல் வசனத்தைப் படித்தேன். நகோமி சொல்கிறாள்: மகளே, நீ சுகமாய் வாழ்ந்திருக்கும்படி நான் உனக்கு ஒரு நல்ல இடத்தைத் தேடாமல் இருப்பேனோ? முதலாம் அதிகாரத்தில் வெறும் ஆசீர்வாதமாகச் சொன்னதை இங்கே தானே செய்து முடிக்கக் கிளம்புகிறாள். மருமகளுக்கு வரன் பார்த்தது மாமியார்தான். இதைப் படித்தும் படிக்காதவளாக இத்தனை நாள் இருந்திருக்கிறேனே என்று அந்தப் பஸ்ஸில் அழுதேன்.

இந்த இருவழிப் பாசத்துக்கு எபிரெயத்தில் ஹெசெத் என்று ஒரு சொல் உண்டு. ரூத் புத்தகத்தில் மூன்று இடத்தில் வருகிறது. நம் பழைய மொழிபெயர்ப்பில் ஓர் இடத்தில் தயை, இன்னோர் இடத்தில் தயவு, மூன்றாவது இடத்தில் நற்குணம் என்று ஆகிவிட்டது. "அவர் கிருபை என்றுமுள்ளது" என்று 136-ஆம் சங்கீதத்தில் 26 தடவை பாடுகிறோமே, அந்தக் கிருபையும் இதே சொல்தான். கடமைக்கு மேல் போய், சட்டம் கேட்காததையும் செய்கிற அன்பு. முதலில் இந்தச் சொல் வருவது நகோமியின் வாயில், மருமகள்கள் தனக்கும் இறந்தவர்களுக்கும் செய்த தயையைப் போலக் கர்த்தர் அவர்களுக்குச் செய்யட்டும் என்கிறாள். அதாவது, கடவுளுடைய கிருபைக்கு அளவுகோலாக இரண்டு புறஜாதிப் பெண்களின் நடத்தையை வைக்கிறாள். எனக்கு இன்றும் அதைப் படித்தால் மெய் சிலிர்க்கும்.

ரூத் மோவாபியப் பெண் என்பதையும் மறக்காதீர்கள். மோவாபியன் பத்தாம் தலைமுறையிலும் கர்த்தருடைய சபைக்கு உட்படலாகாது என்று உபாகமம் 23-இல் எழுதியிருக்கிறது. புத்தகம் அவளை மறுபடி மறுபடி 'மோவாபிய ஸ்திரீயாகிய ரூத்' என்றே கூப்பிடுகிறது, நம் ஊரில் கல்யாணமாகி முப்பது வருடமானாலும் அவள் அசலூர்க்காரி என்று சொல்வார்களே, அது மாதிரி.

இனி மீட்பு என்ற விஷயத்துக்கு வருகிறேன், ஏனென்றால் போதகரும் தோழியும் மோதுகிற இடம் அதுதான்.

ரூத் வயலுக்குப் போவது கதிர் பொறுக்க. அறுக்கும்போது வயலின் ஓரத்தைத் தீர அறுக்காதே, சிந்தினதைப் பொறுக்காதே, அதை எளியவனுக்கும் பரதேசிக்கும் விட்டுவிடு என்று லேவியராகமம் 19-இல் இருக்கிறது. அந்த வயலின் சொந்தக்காரன், எலிமெலேக்கின் உறவினன் போவாஸ், இந்தச் சட்டத்தோடு நிற்கவில்லை. வேலைக்காரர் யாரும் அவளைத் தொடக் கூடாது என்று கட்டளை போடுகிறான். தனியாக வயலுக்குப் போகிற ஒரு பெண்ணுக்கு முதலில் தேவைப்படுவது அதுதான், அவனுக்கு அது தெரிந்திருக்கிறது. சாப்பாட்டு நேரத்தில் கூப்பிட்டு உட்காரவைத்து, அப்பத்தைக் காடியில் தோய்த்துச் சாப்பிடச் சொல்லி, வறுத்த தானியத்தைத் தன் கையாலே கொடுக்கிறான். அவள் வயிறாரச் சாப்பிட்டு, மீதியை முடிந்துகொண்டு போய் மாமியாருக்குக் கொடுக்கிறாள். அந்த மிச்சத்தை எழுதி வைத்தவர் யாரோ, அவருக்குப் பசி என்றால் என்னவென்று தெரிந்திருக்கிறது. அவள் எழுந்து போன பிறகு போவாஸ் ஆட்களிடம், அரிக்கட்டிலிருந்தே சிலவற்றை உருவி வேண்டுமென்றே சிந்தவிடுங்கள் என்கிறான், அவளுக்குத் தர்மம் வாங்குகிற கூச்சம் வராதபடி. அன்று சாயங்காலம் அவள் தட்டி எடுத்தது ஒரு எப்பா வாற்கோதுமை, நம் கணக்கில் ஏறக்குறைய இருபது லிட்டர்.

அந்த வயலில் போவாஸ் அவளுக்காக ஜெபிக்கிறான், இஸ்ரவேலின் தேவனாகிய கர்த்தருடைய செட்டைகளின்கீழ் அடைக்கலமாய் வந்த உனக்கு நிறைவான பலன் கிடைக்கட்டும் என்று. அறுவடை முடிந்து, களத்தில் தூற்றி, அவன் அம்பாரத்தின் அடியில் படுத்திருக்கிற ராத்திரியில் ரூத் வந்து, உம்முடைய போர்வையை என்மேல் விரியும் என்கிறாள். செட்டை என்றால் சிறகு. செட்டை, போர்வை, இரண்டுக்கும் எபிரெயத்தில் ஒரே சொல், கானாஃப். தமிழில் இரண்டாகப் பிரிந்துவிட்டதால் நமக்கு இது காதில் விழுவதில்லை. எனக்காகக் கடவுளிடம் ஒரு செட்டையைக் கேட்டீரே, அதை நீரே விரியும் என்றுதான் அவள் கேட்கிறாள். ஜெபித்தவனையே ஜெபத்துக்குப் பதிலாக நிற்கச் சொல்கிறாள். சபையில் உங்களுக்காக ஜெபிக்கிறேன் என்று சொல்கிறவர்கள் எல்லாரும் இந்த வசனத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும், நானும்தான்.

அதோடு ஒரு காரணமும் சொல்கிறாள்: "நீர் சுதந்தரவாளி." இந்தச் சொல்லை நாம் சுதந்திரத்தோடு சேர்த்துக் குழப்பிக்கொள்கிறோம். வேதாகமத் தமிழில் சுதந்தரம் என்றால் வாரிசுச் சொத்து. எபிரெயத்தில் அது கோஏல், அதாவது மீட்க வேண்டிய நெருங்கிய உறவுக்காரன். ஒருவன் வறுமையில் நிலத்தை விற்றுவிட்டால் அவனுடைய இனத்தான் வந்து அதை மீட்க வேண்டும், தன்னையே விற்றுக்கொண்டால் அவனையும் மீட்கலாம் என்று லேவியராகமம் 25 சொல்கிறது. இதே கோஏல் என்ற சொல் யோபு புத்தகத்தில் வரும்போது நம் மொழிபெயர்ப்பு "என் மீட்பர் உயிரோடிருக்கிறார்" என்று எழுதுகிறது. ஏசாயாவில் கடவுளைத் திரும்பத் திரும்ப 'உன் மீட்பர்' என்று கூப்பிடுவதும் இதே சொல். ரூத்தில் சுதந்தரவாளி, யோபுவில் மீட்பர். ஒரே ஆள் இரண்டு சட்டை போட்டு வந்ததால் தமிழ் வாசகருக்கு அடையாளம் தெரியவில்லை. (தமிழுக்கும் ரூத்துக்கும் இன்னொரு சம்பந்தமும் உண்டு. தரங்கம்பாடியில் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்ட ஜெர்மன் மிஷனரி சீகன்பால்கு, பழைய ஏற்பாட்டை ரூத் வரைக்கும் மொழிபெயர்த்த நிலையில் 1719-இல் இறந்துபோனார். மீதியை அவருக்குப் பின் வந்த மிஷனரி சூல்ட்சே முடித்தார். ரூத்தைத் திறக்கும்போதெல்லாம் அந்த மனிதரை நினைத்துக்கொள்வேன்.)

இப்போது உங்கள் தோழி சொன்னதற்கு வருவோம். அவர் சொன்னதில் உண்மை இருக்கிறது. இந்தக் கதையை எழுதியவர் இயேசுவை மனதில் வைத்து எழுதவில்லை. யூத மக்கள் இன்றும் வாரங்களின் பண்டிகையில் இதை வாசிக்கிறார்கள், அவர்களுக்கு இது தன்னிலே முழுமையான வேதம். நாம் அதைப் பறித்துக்கொண்டு உங்களுக்குப் புரியவில்லை என்று சொல்வது மரியாதையும் ஆகாது, உண்மையும் ஆகாது. போதகரும் காற்றிலிருந்து பேசவில்லை. மத்தேயு தன் சுவிசேஷத்தை இயேசுவின் வம்சப் பட்டியலோடு தொடங்கும்போதே, போவாஸ் ஓபேதை ரூத்தினிடத்தில் பெற்றான் என்று பெயர் சொல்லி எழுதுகிறான். தாமார், ராகாப், ரூத், உரியாவின் மனைவி என்று அவன் குறிப்பிடுகிற பெண்கள் யாருமே நாம் வம்சப் பட்டியலில் பெருமையாகப் போடுகிறவர்கள் இல்லை. அப்படியிருந்தும் போட்டான்.

என் கருத்தைக் கேட்டால், போவாஸ் = இயேசு என்று ஒரு கோடு போட்டு முடித்துவிடுவதில் எனக்கு மனமில்லை. அப்படிப் போட்டால் ரூத் சும்மா காத்திருந்து காப்பாற்றப்பட்டவள் ஆகிவிடுகிறாள், நகோமி காணாமலே போகிறாள். மீட்பு என்றால் என்ன செலவு, யார் கொடுக்கிறார், எதை இழக்கிறார் என்பதை முதலில் இந்த வயலிலும் ஊர்வாசலிலும் பார்க்க வேண்டும். போவாஸைவிட நெருங்கிய இனத்தான் ஒருவன் இருந்தான். நிலம் என்றதும் மீட்கிறேன் என்றான். கூடவே ரூத்தையும் ஏற்க வேண்டும், பிறக்கிற பிள்ளை இறந்தவன் பெயரில் அந்த நிலத்தை ஆளும் என்றதும், என் சுதந்தரத்தைக் கெடுத்துக்கொள்ள முடியாது என்று செருப்பைக் கழற்றிக் கொடுத்துவிட்டான். தன் சொத்தையும் பெயரையும் காப்பாற்றிக்கொண்ட அந்த மனிதனுடைய பெயர் புத்தகத்தில் இல்லை. எபிரெயத்தில் அவனை வெறும் 'இன்னான்' என்றுதான் கூப்பிடுகிறார்கள். உறவு இருந்தது, வசதி இருந்தது, இழக்க மனம் இல்லை. போவாஸுக்கு அது இருந்தது. மீட்கிறவன் உறவாக இருக்க வேண்டும், இழக்கவும் தயாராக இருக்க வேண்டும் என்று இதைப் படித்துவிட்டு எபிரெயர் இரண்டாம் அதிகாரத்துக்குப் போனால், பிள்ளைகள் மாம்சமும் இரத்தமும் உடையவர்களாக இருக்க அவரும் அப்படியே ஆனார் என்ற வரி வேறு மாதிரி கேட்கிறது. நம்மை மீட்க அவர் முதலில் நமக்குச் சொந்தக்காரர் ஆனார். இது நாம் ரூத்தின்மேல் ஏற்றிய அர்த்தம் இல்லை, இயேசுவைப் புரிந்துகொள்ள ரூத் நமக்குக் கொடுத்த அர்த்தம்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நான்காம் அதிகாரம் 14, 15 வசனங்களில் ஊர்ப் பெண்கள் நகோமியிடம், சுதந்தரவாளி இல்லாமல் போகாதபடி இன்று தயவு செய்த கர்த்தருக்கு ஸ்தோத்திரம் என்கிறார்கள். 'இன்று' என்பது பிள்ளை பிறந்த நாள். அவன் உன் முதிர்வயதில் உன்னை ஆதரிப்பான், உன் மருமகள் அவனைப் பெற்றாளே என்று தொடர்கிறார்கள். அந்தப் பெண்களின் வாயில் கோஏல் என்பது போவாஸ் இல்லை, அந்தக் குழந்தை. பெத்லகேமில் பிறந்த ஒரு குழந்தையை மீட்பன் என்று கூப்பிடுகிறார்கள்! கிறிஸ்துமஸ் பிரசங்கத்துக்கு இதைவிட என்ன வேண்டும் என்று உங்கள் போதகரிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

இனி உங்கள் வீட்டு விஷயம். கொழுந்தன் சொன்னது சரியில்லை. கிறிஸ்தவர்களுக்கு 1925-ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டம் பொருந்தும். உங்கள் கணவர் உயில் எழுதாமல் இறந்திருந்தால், அவர் பெயரில் இருந்த சொத்தில் மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு, மீதி இரண்டு பங்கு மகளுக்கு. அந்த உரிமை அவர் இறந்த அன்றே வந்துவிட்டது, மறுமணம் அதைப் பறிக்காது. பத்திரத்தையும் இறப்புச் சான்றிதழையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். போவாஸும் காரியத்தை ஊர்வாசலில் சாட்சிகளை வைத்துத்தான் முடித்தான், அன்பு இருக்கிறது என்பதற்காகக் காகிதத்தை விடவில்லை.

ஆனால் இந்தக் கணக்கைக் கவனித்தீர்களா? பேத்தி இருப்பதால், மகன் வீட்டில் உங்கள் மாமிக்குச் சட்டப்படி பங்கு ஒன்றும் இல்லை. அது அவருக்குத் தெரிந்திருக்கலாம், தெரியாமலும் பயம் மட்டும் இருக்கலாம். கணவன் இல்லை, கூட இருந்த மகனும் இல்லை, கையில் பேத்தி மட்டும். நீங்கள் போனால் பேத்தியும் போய்விடும். அவர் பேசாமல் இருப்பதைப் பிடிவாதம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். எனக்கு அது நகோமி பெத்லகேமுக்குள் நுழையும்போது சொன்னதுபோல் கேட்கிறது: என்னை நகோமி என்று கூப்பிடாதீர்கள், மாராள் (கசப்பானவள்) என்று கூப்பிடுங்கள், நிறைவுள்ளவளாய்ப் போனேன், கர்த்தர் என்னை வெறுமையாய்த் திரும்பிவரப் பண்ணினார். பக்கத்திலேயே ரூத் நிற்கிறாள், அப்போதும் வெறுமை என்கிறாள். ரூத் அதற்குக் கோபப்பட்டதாக ஒரு வார்த்தை இல்லை. அதே 'வெறுமையாய்' என்ற சொல் மூன்றாம் அதிகாரத்தில் மறுபடி வருகிறது, ஆறுபடி வாற்கோதுமையை ரூத்தின் போர்வையில் அளந்து போட்டு, நீ உன் மாமியாரிடம் வெறுமையாய்ப் போக வேண்டாம் என்று போவாஸ் சொன்னான் என்று. அவளை மணக்கப் போகிறவன் அவளுடைய மாமியாரையும் நினைத்தான்.

ரூத்தைப் போல இருக்க விரும்பினால் இந்த விஷயத்தில் அப்படி இருங்கள், சகோதரி. கல்யாணத்தை விட்டுவிடுவதில் இல்லை. மாமியிடம் நீங்களே உட்கார்ந்து பேசுங்கள், அண்ணனையோ சபை மூப்பரையோ தூது அனுப்ப வேண்டாம். நான் போகிறேனா இல்லையா என்பதில் தொடங்காதீர்கள், உங்களை எங்கே வைத்துக்கொள்வது என்று நான் யோசித்துக்கொண்டிருக்கிறேன் என்று தொடங்குங்கள். பேத்தி வாரத்தில் எத்தனை நாள் உங்களோடு இருப்பாள், மருந்துச் செலவு யார் பார்ப்பார்கள், இந்த வீட்டில் கடைசிவரை நீங்கள் இருக்கலாம் என்று எழுதிக் கொடுக்கவும் நான் தயார், இப்படிக் கையில் பிடிக்கக்கூடிய விஷயங்களைச் சொல்லுங்கள். மகளுக்கும் அந்த வீட்டில் பங்கு இருப்பதால் அதை எப்படி எழுதுவது என்று வழக்கறிஞரிடம் கேட்டுக்கொண்டு சொல்லுங்கள். அவர் உடனே சம்மதிக்க மாட்டார், அழுவார், பழைய கதையெல்லாம் எடுப்பார். கேளுங்கள். இரண்டு மூன்று தடவை இப்படி உட்கார வேண்டியிருக்கும். கடைசிவரை அவர் சம்மதிக்காமலே போனாலும், முடிவு உங்களுடையது, அது பாவமாகாது. அதிலும் நான் உங்களுக்குப் பக்கத்தில் நிற்கிறேன்.

நான்காம் அதிகாரத்தின் முடிவை அவரோடு சேர்ந்து வாசிக்க முடிந்தால் வாசியுங்கள். ரூத்துக்குப் போவாஸிடம் பிறந்த பிள்ளையை நகோமி எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொள்கிறாள். ரத்தக் கணக்கில் பார்த்தால் அந்தப் பிள்ளையைப் பெற்றவள் அவள் மகளும் இல்லை, பெற்றவன் அவள் மகனும் இல்லை. அப்படியும் அக்கம்பக்கத்துப் பெண்கள், நகோமிக்கு ஓர் ஆண்பிள்ளை பிறந்தது என்று சொல்லி அவர்களே பெயரும் வைக்கிறார்கள். மருமகள் மறுமணம் செய்த பிறகு அந்த மாமியார் தனியாகிப் போகவில்லை. இதே பெண்கள்தான் அதற்குச் சற்று முன் ரூத்தைப் பற்றி, ஏழு மகன்களைவிட மேலான மருமகள், உன்னை நேசிக்கிறவள் என்கிறார்கள். நான்கு அதிகாரத்திலும் நேசித்தாள் என்ற சொல் அந்த ஓர் இடத்தில் மட்டும்தான் வருகிறது, அதுவும் மருமகள் மாமியாரை நேசித்ததற்காக.

வந்திருக்கிற வரனைப் பற்றி நீங்கள் அதிகம் எழுதவில்லை, நல்லவர் என்று மட்டும் சொல்லியிருக்கிறீர்கள். அடுத்த தடவை அவர் வீட்டார் வரும்போது, அண்ணன் முன்னால், நேராக அவரிடமே ஒரு கேள்வி கேளுங்கள்: "எங்க மாமியை என்ன செய்யலாம்னு நினைக்கிறீங்க?" அவர் முகத்தைப் பாருங்கள். என்ன பதில் சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள், மீதியை அதற்குப் பிறகு பேசுவோம்.